இத்தாலிய ஸ்போர்ட் டூரர்: அகுஸ்டாவா, டுகாட்டியா, குட்ஸியா?

கடனெல்லாம் அடைத்தாயிற்று, பிள்ளைகள் ஓரளவு வளர்ந்துவிட்டார்கள், இனியாவது ஒரு நல்ல இத்தாலிய பைக் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். எம்வி அகுஸ்டா டுரிஸ்மோ வெலோச்சே, டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4 எஸ், மோட்டோ குட்ஸி வி100 மாண்டெல்லோ: இந்த மூன்றில் எது? சுவிட்சர்லாந்திலும் வட இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இருக்கும் நம் ஆட்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஆல்ப்ஸ் மலைப்பாதை வார இறுதித் தூரம். அதனால் இந்த ஒப்பீட்டை அந்தச் சாலைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். இந்தியாவில் இருந்து கேட்பவர்களுக்கும் ஒரு பத்தி உண்டு.

ஸ்போர்ட் டூரர் என்ற வகையே இரண்டு எதிரெதிர் ஆசைகளை ஒரே வண்டியில் கேட்பது. வளைவுகளில் ரேஸ் பைக் மாதிரி சாய வேண்டும். பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பெட்டி என்று நாள் முழுக்க ஓடவும் வேண்டும். ஜப்பானிய, ஜெர்மானிய வண்டிகள் இதைக் குறைந்த செலவில் அருமையாகச் செய்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இத்தாலிய வண்டிதான் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கான கட்டுரை இது. டுகாட்டியில் சூப்பர்ஸ்போர்ட் 950ஐ ஏன் எடுக்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். தனியாகப் போகிறவருக்கு அது இனிமையான வண்டி. பின்னால் ஆளோடும் சாமானோடும் ஐந்து நாள் போவதென்றால் மல்டிஸ்ட்ராடாதான் சரி.

மூன்று கம்பெனிகளும் ரேஸில் வளர்ந்தவை. ஷோரூமுக்குள் நுழைந்ததும் அந்த வரலாற்றைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். எனக்கும் அந்த வரலாறு உயிர். ஆனால் பணத்தை எண்ணி வைக்கும் நேரத்தில் ரேஸ் பெருமைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? அது வண்டிக்குள் ஒரு பாகமாக, ஒரு வேலையாக இறங்கி வந்திருக்கிறதா என்று பார்த்து, இறங்கி வந்த அளவுக்குத்தான் கொடுக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மூன்றும் தாமாகவே பிரிந்து நிற்கும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் ஒர்க்‌ஷாப். உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், இந்த வண்டியைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் இருக்கிறாரா? குதிரைத்திறன், நிறம், சத்தம் எல்லாம் இதற்கு அப்புறம்தான். இந்த விலையில் விற்கும் வண்டிகளில் பாதி வேலையைக் கம்பெனியின் கணினிக் கருவி இல்லாமல் செய்யவே முடியாது. ஊர் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சமாளிக்கலாம் என்ற கணக்கு இங்கே ஓடாது.

இரண்டாவது, பின் சீட். பெரும்பாலானவர்கள் தனியாகப் போய் ஓட்டிப் பார்த்து வாங்கிவிட்டு, முதல் நீண்ட பயணத்தில்தான் மனைவியோ கணவரோ படும் பாட்டைப் பார்க்கிறார்கள். யார் பின்னால் உட்காரப் போகிறாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, 50,000 கி.மீ. வரை ஓட்டினால் என்ன செலவாகும் என்ற கணக்கு. வால்வு சோதனை, செயின், டயர் எல்லாம் இதில் வரும். நான்காவது, கம்பெனி நிலையாக நிற்குமா என்பது. பத்து வருடம் கழித்து ஒரு சென்சார் கேட்டால் கொடுக்க ஆள் இருக்க வேண்டுமே. ஐந்தாவதாக, மேலே சொன்னபடி, ரேஸ் வண்டியில் இருந்து இதற்குள் வந்து சேர்ந்தது என்ன என்பது.

## எம்வி அகுஸ்டா டுரிஸ்மோ வெலோச்சே

விமானம் செய்துகொண்டிருந்த குடும்பம் அகுஸ்டா. போருக்குப் பிறகு இத்தாலியில் விமானத் தயாரிப்புக்குத் தடை வந்ததும், 1945இல் கோமகன் டொமெனிகோ அகுஸ்டா மிலானுக்கு வடமேற்கே வெர்கெரா பக்கம் மோட்டார்சைக்கிள் கம்பெனி தொடங்கினார். எம்வி என்பதில் உள்ள வி அந்த ஊர்தான். அவருக்கு வண்டி விற்பதைவிட ரேஸில் ஜெயிப்பதில்தான் வெறி அதிகம். 1958 முதல் 1974 வரை, 500 சிசி பிரிவில் பதினேழு வருடம் தொடர்ந்து உலகப் பட்டம் எம்வி ஓட்டுநருக்கே போனது. ஜான் சர்ட்டீஸ், கேரி ஹாக்கிங், மைக் ஹெயில்வுட், ஜியாகோமோ அகோஸ்டினி, ஃபில் ரீட் என்று பட்டியல் போகும். அகோஸ்டினியின் 15 உலகப் பட்டங்களில் 13 எம்வியில் வந்தவை. ஓட்டுநர், தயாரிப்பாளர் பட்டங்கள் எல்லாம் சேர்த்து 75 என்று கம்பெனி கணக்குச் சொல்கிறது.

இதில் டுரிஸ்மோ வெலோச்சேவுக்கு நேராகச் சொந்தமானது மூன்று சிலிண்டர். 1965இல் நூர்பர்க்ரிங்கில் முதல் முறையாக இறங்கிய 350 சிசி மூன்று சிலிண்டர் எம்வி, அன்றே அகோஸ்டினியின் கையில் ஜெயித்தது. நான்கு சிலிண்டரைவிட ஒடுக்கம், எடையும் குறைவு, திருப்பத்தில் சுறுசுறுப்பு. பிறகு 500 பிரிவிலும் அதே அமைப்புதான் வருடக்கணக்கில் ஆண்டது. இன்றைய 798 சிசி எஞ்சின் அந்த எஞ்சினின் வாரிசு அல்ல, முழுக்கப் புதிதாக எஃப்3 ரேஸ் ரக வண்டிக்காகச் செய்தது. எண்ணம் மட்டும் அதேதான்.

இந்த எஞ்சினில் கிராங்க்‌ஷாஃப்ட் (பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) சக்கரங்கள் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளும் தன் அச்சைச் சாய்க்க விடாமல் எதிர்க்கும். இரண்டு சக்கரமும் ஏற்கெனவே அப்படி எதிர்த்துக்கொண்டிருக்க, சாதாரண வண்டியில் கிராங்க்கும் அவற்றோடு கூட்டுச் சேரும். எதிர்த் திசையில் சுற்றவிட்டால் அந்த எதிர்ப்பில் ஒரு பங்கு கழிந்துவிடும். பலன்: இடது வளைவில் இருந்து வலது வளைவுக்கு வண்டியைப் புரட்டிப் போடும்போது கையில் பாரமே தெரியாது. உலகப் பட்டத்துக்கான உச்ச ரேஸ் தொடரான மோட்டோஜிபி வண்டிகளில் இது பழகிப்போன விஷயம். சாலை வண்டிகளில், அதுவும் பெட்டி மாட்டிய வண்டியில், அபூர்வம். இத்தாலிய ஆல்ப்ஸில் உள்ள ஸ்டெல்வியோ கணவாயில் ப்ராட்டோ பக்கத்தில் இருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மாதிரிச் சாலையில் இந்த மூன்றில் மிகச் சுலபமாகத் திரும்பும் வண்டி இதுதான். இங்கே ரேஸ் மரபுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

110 குதிரைத்திறன், 80 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் இழுவை), பெட்ரோல் இல்லாமல் சுமார் 200 கிலோ. லுஸ்ஸோ வகையில் மின்னணு சஸ்பென்ஷனும், ஹேண்டில்பார் அகலத்துக்குள் அடங்கும் பக்கப் பெட்டிகளும் சேர்ந்து வரும். எஸ்சிஎஸ் என்ற தானியங்கி கிளட்ச் உள்ள வகையில் சிக்னலில் கிளட்ச் பிடிக்காமலே நிற்கலாம், கிளம்பலாம்; கை கிளட்ச்சும் இருக்கும். முழங்கை வலி உள்ளவர்கள் இதை ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அழகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒற்றைப் பக்க ஸ்விங் ஆர்ம், அருகருகே மூன்று சைலன்சர் வாய்கள், எங்கேயும் ஒரு ஒயர் தெரியாத கைவேலை. நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்க வைக்கும் வண்டி. ரசனைக்காகச் செலவழிப்பதை நான் குறையாகவே நினைக்கவில்லை.

சரி, குறைக்கு வருவோம். நான்காவது அளவுகோலில் இந்த வண்டி சறுக்குகிறது. எழுபதுகளின் கடைசியோடு பழைய எம்வி முடிந்துபோனது. காஸ்டிக்லியோனி சகோதரர்கள் பெயரை வாங்கி, வரேசே ஏரிக்கரையில் உள்ள ஷிரானாவில் உயிர் கொடுத்தார்கள். அதன் பின் 2004இல் மலேசியாவின் புரோட்டான் கைக்குப் போனது. அடுத்த வருடமே 1 யூரோவுக்குக் கைமாறியது. 2008இல் ஹார்லி டேவிட்சன் வாங்கி, 2010இல் காஸ்டிக்லியோனியிடமே திருப்பிக் கொடுத்தது. 2014இல் மெர்சிடிஸின் ஏஎம்ஜி கால்வாசிப் பங்கு எடுத்தது. 2016இல் நீதிமன்றப் பாதுகாப்பில் கடன் சீரமைப்பு. அப்புறம் ரஷ்ய சர்டாரோவ் குடும்பம், 2022இல் பங்காளியாக வந்து 2024இல் பெரும்பான்மை எடுத்த கேடிஎம், அதே வருடக் கடைசியில் கேடிஎம்மே திவாலாகி, 2025இல் மறுபடி சர்டாரோவ் கைக்கு.

இவ்வளவு முறை முதலாளி மாறினால் டீலர்களும் பாகக் கிடங்கும் மாறிக்கொண்டே இருப்பார்கள். பொறியாளர்கள் மேல் இதில் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் செய்த வேலை அற்புதம். ஆனால் வண்டி நிற்கும்போது காத்திருக்கப் போவது நீங்கள். அதனால் டீலரிடம் நேராகவே கேளுங்கள்: வாரன்ட்டியில் போன கடைசிப் பாகம் வர எத்தனை நாள் ஆனது? பதில் சுற்றி வளைத்து வந்தால் கிளம்பிவிடுங்கள்.

## டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4 எஸ்

டுகாட்டி 1926இல் போலோஞாவில் ரேடியோப் பாகங்கள் செய்ய ஆரம்பித்த கம்பெனி. போரில் போர்கோ பனிகாலே தொழிற்சாலை குண்டுவீச்சில் நொறுங்கியது. அதன் பிறகு சைக்கிளில் மாட்டும் குச்சோலோ எஞ்சினில் தொடங்கி மோட்டார்சைக்கிளுக்கு வந்தார்கள். 1954இல் ஃபாபியோ தாலியோனி என்ற பொறியாளர் வந்து சேர்ந்தார். அவர் 1956இல் ரேஸுக்குக் கொண்டுவந்த டெஸ்மோட்ரோமிக் அமைப்புதான் டுகாட்டியின் அடையாளம். சாதாரண எஞ்சினில் கேம் (சுழலும் தண்டில் உள்ள மேடு) வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் மூடும். எஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாமல் போகும். டெஸ்மோவில் மூடுவதற்கும் ஒரு கேம். ஸ்பிரிங்கை நம்பிப் பிழைப்பதில்லை. 1972 இமோலா 200 பந்தயத்தில் பால் ஸ்மார்ட்டும் புரூனோ ஸ்பஜ்ஜாரியும் முதல் இரண்டு இடம் பிடித்தது, 1978இல் பல வருட இடைவெளிக்குப் பிறகு வந்த ஹெயில்வுட் ஐல் ஆஃப் மேனில் ஜெயித்தது, 2007இல் கேசி ஸ்டோனரின் மோட்டோஜிபி பட்டம், 2022இலும் 2023இலும் பாஞாயா, 2024இல் ஹோர்ஹே மார்ட்டின், 2025இல் மார்க் மார்க்கெஸ்: எல்லாமே டெஸ்மோ எஞ்சின்கள்.

ஆனால் மல்டிஸ்ட்ராடா வி4இல் டெஸ்மோ கிடையாது. 2020 கடைசியில் அறிமுகமான 1158 சிசி கிராண்டூரிஸ்மோ எஞ்சினில் (V வடிவில் நான்கு சிலிண்டர்) சாதாரண வால்வு ஸ்பிரிங். அறிவிப்பு வந்தபோது பழைய டுகாட்டி ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். எனக்கு இது இந்த வண்டியைப் பற்றிய மிக நல்ல செய்தியாகப் பட்டது. டெஸ்மோவை அடிக்கடி சோதித்துச் சீர்செய்ய வேண்டும், கூலி அதிகம். முந்தைய மல்டிஸ்ட்ராடா 1260இல் 30,000 கி.மீ.க்கு ஒரு முறை அந்த வேலை. இப்போது வால்வு சோதனை 60,000 கி.மீ.க்கு ஒரு முறைதான். பெரும்பாலான உரிமையாளர்கள் வண்டியை விற்கும் வரை அந்தச் செலவைப் பார்க்கவே மாட்டார்கள். நீண்ட பயண வண்டிக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தைரியமாக முடிவெடுத்திருக்கிறார்கள்.

எதிர்த் திசையில் சுற்றும் கிராங்க்கை மட்டும் மோட்டோஜிபி வண்டியில் இருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பெட்ரோலோடு சுமார் 240 கிலோ வரும் வண்டி இவ்வளவு இலகுவாகச் சாய்வதற்கு அது ஒரு பெரிய காரணம்.

மல்டிஸ்ட்ராடாவுக்கென்றே ஒரு ரேஸ் வரலாறு இருக்கிறது, அதைக் கம்பெனி விளம்பரத்தில் கிராண்ட் பிரி (உலகப் பட்டப் பந்தயங்கள்) பெருமை மூடிவிடுகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயம்: சுமார் 20 கி.மீ., 156 வளைவுகள், முடிவுக்கோடு 4,300 மீட்டர் உயரத்தில். 2012இல் கார்லின் டன் மல்டிஸ்ட்ராடா 1200இல் அங்கே பத்து நிமிடத்துக்குள் ஏறினார்; மோட்டார்சைக்கிளில் அதைச் செய்த முதல் ஆள் அவர். 2018இல் 1260இலும் ஜெயித்தார். அடுத்த வருடம் அதே மலையில், முடிவுக்கோட்டுக்கு அருகே, டுகாட்டி ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4இன் முன்மாதிரி வண்டியில் விழுந்து உயிர் விட்டார். அதன் பிறகு அந்தப் பந்தயத்தில் மோட்டார்சைக்கிள்களை நிறுத்திவிட்டார்கள். நிமிர்ந்து உட்காரும் ஒரு பயண வண்டி ரேஸில் என்ன செய்ய முடியும் என்று காட்டியவர் அவர். 17 அங்குல சக்கரங்களோடு வரும் பைக்ஸ் பீக் வகையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வராமல் இருப்பதில்லை.

170 குதிரைத்திறன் என்பது எந்தப் பொதுச் சாலைக்கும் அதிகம்தான். ஆனால் இரண்டு பேர், மூன்று பெட்டி, ஜெர்மன் ஆட்டோபான் என்றால் அந்த மிச்ச பலம் நிம்மதியாகத் தெரியும். மேடு வந்தாலும் எதிர்காற்று வந்தாலும் எஞ்சின் மூச்சு வாங்காது. முன்னும் பின்னும் ரேடார் வைத்து வந்த முதல் தயாரிப்பு வண்டியும் இதுதான். முன்னால் போகும் காரின் வேகத்துக்கு ஏற்பத் தானே வேகம் குறைத்துக் கூட்டும் குரூஸ் கண்ட்ரோல், மிலானில் இருந்து போலோஞா வரை நேராக ஓடும் நெடுஞ்சாலையில் எவ்வளவு களைப்பைக் குறைக்கிறது என்பதை ஓட்டினால்தான் நம்புவீர்கள்.

குறை? வெப்பம். பின் சிலிண்டர்கள் இரண்டும் தொடைக்கு அருகே இருக்கின்றன. நிற்கும்போது அவற்றை அணைத்துவிடும் ஏற்பாடு எஞ்சினிலேயே உண்டு. இருந்தும் ஜூலை மாத ஃப்ளோரன்ஸ் நகர நெரிசலில் கால் சுடும். பெட்ரோலும் குடிக்கும், கம்பெனி கணக்கிலேயே 100 கி.மீ.க்கு சுமார் 6.5 லிட்டர். உயரம் குறைந்தவர்கள், பெட்டியும் ஆளும் ஏறிய பிறகு சரிவான இடத்தில் கால் ஊன்ற முடிகிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

## மோட்டோ குட்ஸி வி100 மாண்டெல்லோ

1921இல் இருந்து இதே மாண்டெல்லோ டெல் லாரியோ ஊரில், கோமோ ஏரியின் கிழக்குக் கரையில் குட்ஸி இருக்கிறது. முதல் உலகப் போரில் ஒன்றாகப் பணிபுரிந்த கார்லோ குட்ஸி, ஜார்ஜியோ பரோடி, ஜியோவான்னி ரவெல்லி மூவரும் போர் முடிந்ததும் மோட்டார்சைக்கிள் கம்பெனி தொடங்கப் பேசிவைத்திருந்தார்கள். விமானியான ரவெல்லி 1919இல் விபத்தில் இறந்துபோனார். டேங்கில் சிறகு விரித்திருக்கும் கழுகு அவருக்காக.

குட்ஸிக்கும் ரேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் இளைஞர்களை நிறையப் பார்க்கிறேன். 1953 முதல் 1957 வரை ஐந்து வருடம் தொடர்ந்து 350 சிசி உலகப் பட்டம் குட்ஸி ஓட்டுநர்களுடையது: ஃபெர்கஸ் ஆண்டர்சன் இரண்டு முறை, பில் லோமாஸ் இரண்டு முறை, கீத் கேம்ப்பெல் ஒரு முறை. அதை எதைக் கொண்டு ஜெயித்தார்கள் என்பதுதான் விசேஷம். எதிராளிகளிடம் நான்கு சிலிண்டர் எஞ்சின்கள். குட்ஸியிடம் படுக்கையாக வைத்த ஒற்றைச் சிலிண்டர். திறனில் பின்தங்கியதை எடையைக் குறைத்தும் காற்றை வென்றும் ஈடுகட்டினார்கள். 1950இலேயே தொழிற்சாலைக்குள் முழு அளவு மோட்டார்சைக்கிளை, ஆளையும் உட்காரவைத்துச் சோதிக்கும் காற்றுக் குகை கட்டிவிட்டார்கள். ஜூலியோ செசாரே கர்க்கானோ வடிவமைத்த எட்டு சிலிண்டர் 500 சிசி ரேஸ் வண்டி, ஐம்பதுகளின் டயரிலும் பிரேக்கிலும் மணிக்கு 275 கி.மீ. தொட்டது.

1957 கடைசியில் செலவு தாங்காமல் குட்ஸி, ஜிலேரா, மொண்டியால் மூன்றும் கூடிப் பேசி கிராண்ட் பிரியில் இருந்து விலகின. முதலில் சேர்ந்து கையெழுத்திட நினைத்த அகுஸ்டா பின்வாங்கித் தொடர்ந்தது. மேலே சொன்ன பதினேழு வருட ஆட்சி தொடங்குவது அடுத்த சீசனில்தான்.

நீண்ட பயணமும் குட்ஸிக்குப் பரம்பரைச் சொத்து. 1928இல் கார்லோவின் அண்ணன்தம்பிகளில் ஒருவரான ஜுசெப்பே குட்ஸி, பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த ஜிடி 500 வண்டியில் மாண்டெல்லோவில் இருந்து ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் வரை ஓட்டிப் போய்வந்தார். பின் சஸ்பென்ஷன் இருந்தால் வண்டி ஆடும் என்று உலகமே நம்பிய காலம் அது.

இப்போது வி100க்கு வருவோம். டேங்கின் இரண்டு பக்கத்திலும் வேகத்துக்கும் ஓட்டும் முறைக்கும் ஏற்பத் தானே விரியும் சிறகுகள் இருக்கின்றன. தயாரிப்பு வண்டியில் இப்படி வந்தது இதுவே முதல். ஓட்டுநர் மேல் படும் காற்றழுத்தத்தை 22 சதவீதம் வரை குறைப்பதாகக் கம்பெனி சொல்கிறது. மார்பிலும் தோளிலும் காற்று அடங்குவது ஓட்டும்போது தெரிகிறது, குறிப்பாக மழையில். காற்றைப் பகையாளியாக வைத்து ஜெயித்த கம்பெனி இன்றைக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. மூன்று வண்டிகளில் ரேஸ் மரபு ஓட்டுநரின் உடம்புக்கு நேராக நல்லது செய்யும் வண்டி இது.

1042 சிசி, குறுக்காக வைத்த 90 டிகிரி வி ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்). குட்ஸியின் சாலை வண்டியில் தண்ணீரால் குளிரூட்டும் முதல் எஞ்சின். 115 குதிரைத்திறன், 105 நியூட்டன் மீட்டர். அந்த இழுவையில் பெரும்பங்கு நிமிடத்துக்கு 3,500 சுற்றிலேயே கைக்கு வந்துவிடும். மலையில் அடிக்கடி கியர் மாற்றத் தேவையில்லை. எஸ் வகையில் ஓலின்ஸ் மின்னணு சஸ்பென்ஷன். சீட் உயரம் 815 மி.மீ., நம் உயரத்துக்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் மேலே ஷாஃப்ட் டிரைவ், அதாவது செயினுக்குப் பதில் தண்டு பின்சக்கரத்தைச் சுற்றும்: செயின் துடைக்க வேண்டாம், எண்ணெய் போட வேண்டாம், இறுக்கம் சரிபார்க்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. பெட்ரோலோடு 233 கிலோ. எம்வி அளவுக்குச் சட்டென்று புரளாது. டேங்க் 17 லிட்டர்தான், சாமானோடு போனால் 300 கி.மீ.க்கு முன்பே பங்க் தேட வேண்டும். அதிவேகத்தில் மல்டிஸ்ட்ராடா தரும் மிச்ச பலம் இதில் இல்லை. முதல் வருட வண்டிகளில் மென்பொருள் திருத்தங்கள் வந்திருக்கின்றன. பழையது வாங்கினால் எல்லாம் ஏற்றப்பட்டதா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | டுரிஸ்மோ வெலோச்சே | மல்டிஸ்ட்ராடா வி4 எஸ் | வி100 மாண்டெல்லோ எஸ் |
|---|---|---|---|
| எஞ்சின் | 798 சிசி, வரிசையில் 3 சிலிண்டர் | 1158 சிசி, வி4 | 1042 சிசி, குறுக்கு வி ட்வின் |
| குதிரைத்திறன் | 110 | 170 | 115 |
| டார்க் (நியூட்டன் மீட்டர்) | 80 | சுமார் 125 | 105 |
| பின்சக்கர இயக்கம் | செயின் | செயின் | ஷாஃப்ட் |
| முன் சக்கரம் | 17 அங்குலம் | 19 அங்குலம் | 17 அங்குலம் |
| ரேஸில் இருந்து வந்தது | எதிர் கிராங்க், மூன்று சிலிண்டர் | எதிர் கிராங்க் | காற்றியல் |
| ஒர்க்‌ஷாப் வலை | மெல்லியது | அடர்த்தி | நடுத்தரம் |
| கம்பெனியின் பின்பலம் | அடிக்கடி மாறியது | ஆடி (Audi) கார் கம்பெனி, 2012 முதல் | பியாஜியோ, 2004 முதல் |
| மிகச் சிறந்த இடம் | தனியாக மலைப்பாதை | இருவராக, தூரமாக, வேகமாக | எல்லாம் கலந்த பயணம் |

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

மூன்றில் வி100தான் விலை குறைவு, மல்டிஸ்ட்ராடா வி4 எஸ் உயரத்தில் இருக்கும். ஆனால் மல்டிஸ்ட்ராடாவின் அறிமுக விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரேடார், பெட்டிகள், சீட் சூடு எல்லாம் தொகுப்பு தொகுப்பாகச் சேரும்போது தொகை வேறாகிவிடும். எம்வியில் லுஸ்ஸோ எடுத்தால் பெரும்பாலானவை உள்ளேயே இருக்கும்.

டயர்: மூன்றுமே பின் டயரைச் சீக்கிரம் தின்னும். வி4 முழுப் பாரத்தில் ஆட்டோபானில் ஓடினால் இன்னும் சீக்கிரம். செயினும் பற்சக்கரமும் தேய்ந்தால் செட்டாக மாற்ற வேண்டும். அந்தப் பணமும், ஒவ்வொரு பயண இரவும் செயினுக்கு எண்ணெய் போடும் வேலையும் வி100காரருக்குக் கிடையாது. வருடம் 15,000 கி.மீ. ஓட்டுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மின்னணு சஸ்பென்ஷன் வாரன்ட்டி முடிந்த பிறகு பழுதானால் செலவு கனமாக இருக்கும். இது மூன்றுக்கும் பொது. நீட்டித்த வாரன்ட்டி கிடைக்குமானால் இந்த ஒரு பாகத்துக்காகவே எடுக்கலாம்.

மறுவிற்பனையில் டுகாட்டி வேகமாகக் கைமாறும். எம்வியை விற்க அதைப் புரிந்த ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதே காரணத்தால் இரண்டாம் கை எம்வி மலிவாகக் கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

எவரும் கணக்கில் சேர்க்காத இன்னொன்று, சர்வீஸுக்குப் போகும் நாள். டீலர் 200 கி.மீ. தள்ளி இருந்தால் வண்டியை விட்டு ரயிலில் திரும்பி, மறுபடி போய் எடுத்துவர வேண்டும். இரண்டு விடுப்பு நாள் போய்விடும், ஒவ்வொரு முறையும்.

## யாருக்கு எது

வருடத்துக்கு ஒரு முறையாவது இருவராக நீண்ட பயணம், ஒரே நாளில் 700, 800 கி.மீ. போகும் பழக்கம், பக்கத்து ஊரிலேயே டுகாட்டி ஒர்க்‌ஷாப்: இவர்களுக்கு மல்டிஸ்ட்ராடா வி4 எஸ். ஆனால் இவ்வளவு பலம் வேண்டாம் என்று உள்ளுக்குள் தெரிந்தும் பெயருக்காக வி4 வாங்க நினைப்பவர்கள், அதே ஷோரூமில் நிற்கும் மல்டிஸ்ட்ராடா வி2வை முதலில் ஓட்டிப் பார்க்கட்டும். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

பெரும்பாலும் தனியாக, ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஓட்டுபவர். கராஜில் இன்னொரு வண்டியும் இருக்கிறது. வரேசே பக்கமோ சுவிட்சர்லாந்தின் டிசினோ மாநிலத்திலோ நம்பகமான எம்வி டீலர் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்தால் டுரிஸ்மோ வெலோச்சே வாங்குங்கள், வாழ்நாள் முழுக்க ரசிப்பீர்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த வண்டியைப் பற்றித்தான் இதைச் சொல்கிறேன்.

மற்ற எல்லாருக்கும், அதாவது என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு, என் பதில் வி100 மாண்டெல்லோ எஸ். வாரநாளில் வேலைக்கு, சனிக்கிழமை கணவாய்க்கு, ஆகஸ்டில் இருவராக ஒரு வாரம் என்று ஒரே வண்டியில் வாழ்பவருக்கு அதைவிடப் பொருத்தமானது இந்த மூன்றில் இல்லை. வேகத்தில் தோற்கும், உடம்பு களைக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இந்தியாவில் இருந்து கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: டுகாட்டிக்கு மட்டும்தான் பெருநகரங்களில் நிலையான விற்பனையும் சர்வீஸும் இருக்கிறது. எம்வி சில வருடங்களுக்கு முன் கைனடிக் குழுமம் வழியாக வந்தது, வேர் பிடிக்கவில்லை. குட்ஸிக்கும் அங்கே ஆதரவு மிகக் குறைவு. ஆகவே அங்கே மூன்றில் ஒன்று என்ற கேள்வியே இல்லை. மல்டிஸ்ட்ராடாவில் வி2வா, வி4ஆ என்பதுதான் கேள்வி. சென்னை வெயிலையும் நெரிசலையும் வைத்துப் பார்த்தால் நான் வி2 பக்கம் சாய்வேன்.

வாங்கும் முன், முடிந்தால் ஏப்ரல் கடைசிக்குப் பிறகு ஒரு நாள் ஒதுக்கி, பெட்டிகள் மாட்டிய வண்டியைத்தான் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். காலிப் பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. மணிக்கு 130 கி.மீ.யில் காற்று அந்தப் பெட்டிகளை என்ன செய்கிறது, பின்னால் இருப்பவர் எங்கே பிடித்துக்கொள்கிறார் என்பது தெரிந்துவிடும். பெட்டி இல்லாத வண்டியைத்தான் தருவோம் என்று சொல்லும் டீலரை விட்டுவிட்டு அடுத்த ஊர் டீலருக்குப் போன் போடுங்கள்.